பயந்த சுபாவமுள்ள நாய்க்கு வீடு தேடுவது எப்படி? பதினோரு மாதம் அலைந்தவன் சொல்கிறேன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வேளச்சேரியில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது, எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஒரு பெட்டை நாய் வந்து ஒண்டிக்கொண்டது. சிப்பிப்பாறையும் தெரு நாயும் கலந்த ஜாடை. ஒல்லி உடம்பு, நீள மூஞ்சி, கருப்பு உடம்பில் அங்கங்கே பழுப்பு. மிளகு என்று கூப்பிட ஆரம்பித்தோம். எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, பெண்ணுக்கு வீசிங் இருக்கிறது. ஒரு மாதத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பதினோரு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு வீடுகளுக்குப் போய் இரண்டு முறையும் திரும்பி வந்தது.

குட்டி நாய்க்கோ, யாரைப் பார்த்தாலும் வாலாட்டும் நாய்க்கோ வீடு பார்ப்பது வேறு. பயந்த நாய்க்கு அந்த வழி சரிப்படாது என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. நீங்களும் இப்போது கட்டிலுக்கு அடியில் ஒரு நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தால், இது உங்களுக்குத்தான். செலவுக் கணக்கு சென்னை நிலவரம், நான் கொடுத்த தொகை. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

1. முதலில் அது யாருடைய நாய் என்று பாருங்கள்

வெள்ளம், பட்டாசு, வீடு மாற்றம் இதிலெல்லாம் வீட்டு நாய்கள் நிறையத் தொலைகின்றன. பயந்து நடுங்கும் நாய் என்றாலே யாரோ அடித்திருப்பார்கள், விரட்டியிருப்பார்கள் என்று நாமே ஒரு கதை கட்டிவிடுகிறோம். வழி தவறி வந்திருக்கவும் செய்யலாம். கழுத்தில் பெல்ட் இருந்த தடம் தெரிகிறதா, முடி அங்கே தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோய் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப்) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. குடியிருப்புக் குழுக்களில் படம் போட்டு இரண்டு வாரமாவது காத்திருங்கள். படத்தில் ஒரு அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். "என் நாய்தான்" என்று வருபவரிடம் அதைக் கேட்கலாம்.

காதையும் பாருங்கள். ஒரு காதின் ஓரத்தில் சின்னதாக வெட்டு இருந்தால், கருத்தடை செய்து விடப்பட்ட தெரு நாய் அது. தன் தெருவில் நன்றாக இருந்த நாயை, பாவம் என்று தூக்கி வந்து வீட்டுக்குள் அடைத்து, அது பயப்படுகிறது என்று நாமே வருத்தப்படுவதும் நடக்கிறது. அதற்கு வீடு தேட வேண்டியதில்லை, அதன் தெருவிலேயே விடுவதுதான் சரி. மிளகுக்குக் காதில் வெட்டு இல்லை, சிப் இல்லை, தேடி யாரும் வரவும் இல்லை.

2. மருத்துவ வேலைகளை நீங்களே முடித்துவிடுங்கள்

"எடுத்துப்போகிறவர் பார்த்துக்கொள்வார்" என்று எதையும் விடாதீர்கள். பயந்த நாயைப் புது வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனால், அந்தப் புது மனிதரை அது அதோடு சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஊசி குத்தின பழியெல்லாம் உங்கள் தலையிலேயே விழட்டும்.

நான் செய்த வரிசை இது. முதலில் பூச்சி மாத்திரை, உண்ணிக்கு மருந்து, அப்புறம் ரத்தப் பரிசோதனை. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சகஜம். நாய் சோர்ந்து படுத்திருப்பதைக் கூச்சம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே காய்ச்சல் இருக்கும். பரிசோதனைக்கு 1,400 ரூபாய். பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி நோய்களுக்கு எல்லாம் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி, மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை, தலா 850. ரேபிஸ் ஊசி 350. அதை வருடா வருடம் போட வேண்டும்.

கருத்தடைக்குத் தனியார் கிளினிக்கில் 7,500 ஆனது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைவிட நிறையக் குறையும், ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். பத்து நாய் குரைக்கும் கூடத்தில் பயந்த நாயோடு இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு தடவை போய், ஊசி போடாமலே திரும்பி வந்தேன். தையல் ஆறுவதற்குப் பத்துப் பதினான்கு நாள் ஒதுக்குங்கள்.

கருத்தடை முடியாமல் மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். சிப்பிப்பாறை ஜாடை இருந்தால் குட்டி போட வைத்து விற்கலாம் என்றே கேட்டு வருபவர்கள் உண்டு. கருத்தடை ஆகிவிட்டது என்று சொன்னவுடன் போனை வைத்தவர்கள் ஏழு பேர்.

எல்லாக் காகிதமும் ஒரே பைலில் இருக்கட்டும். தடுப்பூசிப் புத்தகம் (ஊசிக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்டி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும், சில இடங்களில் ஸ்டிக்கர் ஒட்ட மறந்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்), கருத்தடைச் சான்று, ரத்த ரிப்போர்ட், சிப் எண். சிப் எண் 15 இலக்கம். நாய்க்குச் சிப் போட்டதும் ஸ்கேன் செய்து, காகிதத்தில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. பதினைந்து நாள் குறிப்பு எழுதுங்கள்

இது சும்மா சொல்கிற வேலை மாதிரி தெரியும். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது இந்த நோட்டுதான்.

"பயந்த நாய்" என்று சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. எதைப் பார்த்துப் பயம்? எவ்வளவு தூரத்தில்? பயந்தால் என்ன செய்யும், எவ்வளவு நேரத்தில் தெளியும்? மிளகுக்குத் துடைப்பம் ஆகாது, ஆனால் மாப் பற்றிக் கவலையே இல்லை. குக்கர் விசிலுக்கு அசையாது, பிளாஸ்டிக் கவர் சலசலத்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடும். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்த நாளில் ராத்திரி வரை சாப்பிடவில்லை. ஹெல்மெட் போட்ட ஆண்களைப் பார்த்தால் ஒன்றுக்குப் போய்விடும். பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் பத்தடி வரை வரும், நின்றால் வராது.

முதல் 19 நாள் நாங்கள் இருக்கும்போது அது கட்டிலுக்கு அடியை விட்டு வெளியே வரவே இல்லை. வேகவைத்த கோழி ஈரலை நீட்டினால், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் பின்னால் வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளும், பார்த்தால் எடுக்காது. தேதியோடு இதையெல்லாம் எழுதி வைத்தேன்.

கொட்டாவி விடுவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, இதெல்லாம் "கிட்ட வராதே" என்று அது சொல்லும் விதம். இதையும் மீறிப் போனால் உறுமும். உறுமினால் அதட்டாதீர்கள். உறுமலை அடக்கிவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் நேராகக் கடிதான்.

யாரையாவது கடித்திருந்தால், பல் லேசாகப் பட்டிருந்தாலும், அதையும் எழுதுங்கள். மறைத்துக் கொடுப்பது நாய்க்கும் நல்லதில்லை, வாங்குபவருக்கும் நல்லதில்லை.

4. விளம்பரத்தில் குறையை முதலில் எழுதுங்கள்

என் முதல் தப்பு இங்கேதான். நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, "அன்பான, சாதுவான பெண் குழந்தை, நல்ல உள்ளம் தேடுகிறாள்" என்று போட்டேன். இரண்டு நாளில் எண்பதுக்கு மேல் செய்தி வந்தது. பாதிப் பேருக்குக் குட்டி வேண்டும், கால்வாசிப் பேர் "காவலுக்கு நிக்குமா பாஸ்?" என்று கேட்டார்கள்.

இரண்டாவது தடவை இப்படி எழுதினேன்:

"பெட்டை, சுமார் 2 வயது, கருத்தடை முடிந்தது, ஊசிகள் போட்டாயிற்று. உங்களைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதல் மாதம் தொட விடாது. காவலுக்கு ஆகாது, குரைப்பதே அபூர்வம். சின்னக் குழந்தைகள் இல்லாத, பகலில் ஒருவராவது இருக்கிற, கேட் உள்ள வீடு வேண்டும். நாலு தடவை வந்து பார்த்த பிறகுதான் தருவேன். சென்னைக்குள் மட்டும்."

ஒன்பது செய்திகள் வந்தன. அந்த ஒன்பதில் ஒன்றுதான் பலித்தது.

படம் நாய் இயல்பாக இருக்கும்போது எடுத்ததாக இருக்கட்டும். கட்டிலுக்கு அடியில் இரண்டு கண் மட்டும் மின்னுகிற படத்தையும் சேர்த்துப் போடுங்கள். நடக்கிற, சாப்பிடுகிற வீடியோ ஒன்று. உங்கள் வீட்டு முகவரியைப் போடாதீர்கள், ராத்திரியோடு ராத்திரியாக வாசலில் இன்னொரு நாயைக் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு நடந்தது.

சென்னைக்குள் மட்டும் என்று ஏன் போட்டேன் என்றால், திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூப்பே (இரண்டு பேருக்கான தனி அறை) முழுவதும் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் இரும்புக் கூண்டு. பயந்த நாயை அந்தக் கூண்டில் போடாதீர்கள், தயவுசெய்து.

5. போனில் கேட்க வேண்டியவை

நேரில் கூப்பிடும் முன் அரை மணி நேரம் போனில் பேசுங்கள். பரீட்சை மாதிரி கேட்காதீர்கள், பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியே போதும். நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, லிப்டில் தினமும் முறைக்கிற ஆளோடு குடித்தனம் நடத்துவது வேறு.

வீட்டு வேலைக்கு வருபவருக்கு நாய் பயமா? இதை யாரும் கேட்பதில்லை. வேலை செய்பவர் வரும்போதெல்லாம் நாயைக் கட்டிப்போடுவார்கள், அப்புறம் அதுவே பழக்கமாகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? மாமியாரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள், தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும்? ஏற்கெனவே நாய் இருக்கிறதா? சாந்தமான, மனிதர்களிடம் ஒட்டுகிற இன்னொரு நாய் இருந்தால் பயந்த நாய்க்கு அது பெரிய உதவி, அதைப் பார்த்து இதுவும் கற்றுக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவர்களை அனுபவத்தில் சொல்கிறேன். "தோட்டத்துல சுதந்திரமா இருக்கும் சார்" என்றால் பெரும்பாலும் காவலுக்குக் கட்டிப்போடத்தான், வாட்ச்மேன் சாப்பாடு போட்டால் உண்டு. பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசு என்றால் வேண்டாம். கருப்பு நாய் வளர்த்தால் சனி தோஷம் போகும், பைரவர் அருள் என்று ஜோசியர் சொன்னார் என்று வந்தவர்கள் இரண்டு பேர். அவர்கள் பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரிகாரம் முடிந்ததும் நாயை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. "நானே வண்டி அனுப்பறேன், டிரைவர்கிட்ட குடுத்துடுங்க" என்றால் பேச்சை அங்கேயே முடியுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: "ஒரு மாதம் வரை அது உங்கள் பக்கமே வராவிட்டால் என்ன செய்வீர்கள்?" "எங்க வீட்டுக்கு வந்தா ரெண்டே நாள்ல சரியாயிடும், எனக்கு நாய்ங்கன்னா உயிர்" என்று சொன்னவரைத்தான் நான் முதலில் நம்பினேன்.

6. வந்து உட்காரச் சொல்லுங்கள்

பொறுமைசாலி என்று வாயால் எல்லோரும் சொல்வார்கள். நாயைத் தொடாமல் ஒரு மணி நேரம் உட்கார முடிகிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான் பரீட்சை. என் முதல் இரண்டு வீட்டிலும் இதைச் செய்யவில்லை.

முதல் வீடு, 2024 ஏப்ரல். இளம் தம்பதி, ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார்கள். அன்று மாலையே வாக்கிங் கூட்டிப்போனபோது கேட் சத்தத்துக்குப் பயந்து பின்னால் இழுத்ததில் பெல்ட் தலை வழியாகக் கழன்று ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. இரண்டாவது வீடு ஜூலையில். நல்ல குடும்பம், ஆனால் ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். சோபாவுக்கு அடியில் கையை விட்டு இழுத்திருக்கிறார்கள், உறுமியிருக்கிறது. ஒன்பதாவது நாள் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், குழந்தைகள் குழந்தைகளாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியது நான்.

மூன்றாவதாக வந்தவர் பெரம்பூரில் இருக்கும் ஓய்வு பெற்ற டீச்சர். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்தார். "சும்மா உக்காந்தா எனக்கும் கை பரபரங்கும் தம்பி, அதையே பாத்துட்டிருப்பேன். இத ஆஞ்சுட்டு உக்காந்திருக்கேன்" என்று கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, முறத்தில் உருவிப் போட ஆரம்பித்தார். முருங்கைக்கீரை ஆய எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "மிளகு, மிளகு" என்று கொஞ்சவில்லை. என்னிடம் பெட்ரோல் விலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு, முக்கால் மணி நேரம் ஆன பிறகு, மிளகு கட்டிலுக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டி முறத்தின் ஓரத்தில் கிடந்த ஒரு காம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. டீச்சருக்குத் தெரிந்தது. கை ஒரு நொடி நின்று, மறுபடி ஆய ஆரம்பித்தது. அப்போதே நான் முடிவு பண்ணிவிட்டேன், ஆனாலும் நாலாவது ஞாயிறையும் விடவில்லை.

நாலு சந்திப்பு, ஒரு வார இடைவெளியில், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது என் அளவு. கடைசிச் சந்திப்புக்கு வரும்போது அவர்கள் வீட்டில் உபயோகித்த பழைய துணி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, நாய் படுக்கும் இடத்தில் போட்டு வையுங்கள். அதற்குள் நீங்களும் அவர்கள் வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். கேட்டின் அடியில் சந்து எவ்வளவு, மொட்டை மாடிச் சுவர் உயரம், பின்வாசல் எப்போதும் திறந்தே கிடக்கிறதா, நாய் ஒளிந்துகொள்ள ஒரு மூலை இருக்கிறதா என்று பாருங்கள்.

7. எப்போது கொடுப்பது

தீபாவளிக்கு முன் ஒரு மாதம் கொடுக்கவே கூடாது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31. டீச்சர் அக்டோபர் முதல் வாரத்திலேயே தயார்தான், நான்தான் நவம்பர் 16 வரை இழுத்தேன். பழகாத வீட்டில் முதல் வெடி வெடித்தால் நாய் ஓடும், ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. பட்டாசு நேரத்துக்கு மருந்து வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள், மனிதர்களுக்கான தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் கல்யாணம், பெயிண்ட் வேலை, விருந்தாளிகள் இருந்தால் தள்ளிப்போடுங்கள். சனிக்கிழமை காலை நல்ல நேரம். ராகு காலம் பார்த்தால் பாருங்கள், அதைவிட முக்கியம் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது.

8. கொடுக்கும் நாள்

நாயை நீங்களே கொண்டுபோங்கள். செலவைப் பார்க்காமல் கார் வையுங்கள், புக் செய்யும்போதே நாய் இருக்கிறது என்று டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். எனக்கு 700 ரூபாய் ஆனது.

நீள மூஞ்சி நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை பெரிதாக இருக்காது. சாதாரண பெல்ட் பின்னால் இழுத்தால் சட்டையைக் கழற்றுவது போலக் கழன்றுவிடும். இழுத்தால் இறுகுகிற மார்ட்டிங்கேல் பெல்ட் ஒன்று (450 ரூபாய்), உடம்புக்கு ஹார்னஸ் ஒன்று (900 ரூபாய்), இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, இரண்டும் உங்கள் கையில். ஒன்று கழன்றால் இன்னொன்று இருக்கும். பெல்ட்டில் போன் நம்பர் பொறித்த தகடு, உங்கள் நம்பர், அவர்கள் நம்பர் இரண்டும். இந்த 1,350 ரூபாயை ஏப்ரலிலேயே செலவழித்திருந்தால், ஒரு கட்டடத்தின் பின்னால் இரண்டு ராத்திரி கொசுக்கடியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கூட அனுப்ப வேண்டியவை: துவைக்காத பழைய படுக்கை, அதன் தட்டு, பத்து நாள் சாப்பாடு, காகித பைல், அந்த நோட்டின் நகல். சாப்பாட்டை உடனே மாற்றினால் வயிறு கெட்டுப் பேதியாகும், புது இடத்தில் பயமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். மிளகு சாப்பிட்டது அரிசியும் கோழிக்கழுத்தும் கேரட்டும், கடைசியில் கொஞ்சம் தயிர்.

வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்போட்ட பிறகுதான் கயிற்றைக் கழற்ற வேண்டும். முன்பே பார்த்து வைத்த மூலையைக் காட்டிவிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுங்கள். அழுகிற வேலையைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. எழுத்தில் வாங்குங்கள்

நான் வெள்ளைத்தாளில் தமிழில் ஒரு பக்கம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொண்டோம். அதில் இருந்தது: நாயின் அடையாளம், சிப் எண், ஊசித் தேதிகள், தெரிந்த பயங்கள் எல்லாம் சொல்லப்பட்டன என்ற வரி, நிரந்தரமாகக் கட்டிப்போடுவதில்லை, வேறு யாருக்கும் கொடுப்பதில்லை, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் என்னிடமே திருப்பித் தர வேண்டும். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். எழுதும்போதே வாயாலும் சொல்லுங்கள்: "திருப்பிக் கொடுத்தால் கோபப்பட மாட்டேன், எந்த நேரமும் கூப்பிடலாம்." வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயாவது விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். விலங்கைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெரு நாயைத் தத்தெடுத்தவர் அதை மறுபடி தெருவில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

முகவரிச் சான்றின் நகல் வாங்குங்கள். ஆதார் என்றால் முதல் எட்டு எண்ணை மறைத்துத் தரச் சொல்லலாம். பணம் எதுவும் வாங்காதீர்கள், விற்பனை என்ற பேச்சே வரக் கூடாது.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம், வருடத்துக்கு 50 ரூபாய், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். உரிமையாளர் படம், நாய் படம், முகவரிச் சான்று, ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் வேண்டும். இப்போது சிப்பும் கட்டாயம், லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். நாயைக் கொண்டுபோய் விட்ட அன்றே அவர்கள் போனில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வாருங்கள். சிப் உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். நிறையப் பேர் மறப்பது இதைத்தான். நாய் தொலைந்தால் போன் பழைய ஆளுக்குத்தான் வரும்.

மொத்தக் கணக்கு: மருத்துவம் சுமார் 11,000, பெல்ட், ஹார்னஸ், ஒரு கூண்டு சேர்த்து 5,000 சொச்சம், சாப்பாடு மாதம் 2,000.

10. ஓடிவிட்டால்

துரத்தாதீர்கள், பேர் சொல்லிக் கத்தாதீர்கள், தெருவே திரண்டு தேட வேண்டாம். பயந்த நாய் ஓடின முதல் நாள் தன் சொந்தக்காரர் குரலுக்கும் நிற்காது. தொலைந்த இடத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் எங்காவது ஒளிந்துதான் இருக்கும், லாரிக்கு அடியில், புதரில், பாதி கட்டிய கட்டடத்தில். ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, சத்தம் அடங்கியபின் வெளியே வரும். அதற்கு அதிகம் பழகிய ஒருவர் மட்டும் போய், உபயோகித்த சட்டையையும் வாசனை தூக்கலான சாப்பாட்டையும் வைத்துவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். வாட்ச்மேன், டீக்கடை, தூய்மைப் பணியாளர்கள் இவர்களிடம் நம்பர் கொடுத்துவிட்டு, "பார்த்தால் பிடிக்காதீர்கள், போன் மட்டும் பண்ணுங்கள்" என்று சொல்லுங்கள். எனக்கு வந்த போன் ஒரு டீக்கடைக்காரரிடமிருந்து, காலை நாலரைக்கு.

11. அடுத்த மூன்று மாதம்

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று நாய் மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயந்த நாய்க்கு இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சாப்பிடாமல் இருக்கலாம், தண்ணீர் குடித்தால் பயப்பட வேண்டாம். தண்ணீரும் குடிக்கவில்லை, அல்லது வாந்தி பேதி என்றால் உடனே டாக்டர். வெளியே வாக்கிங் முதல் இரண்டு வாரம் வேண்டாம், மாடியோ முற்றமோ போதும், அங்கேயும் கயிற்றோடுதான். குளிப்பாட்டும் ஆசையை ஒரு மாதத்துக்கு ஒத்திப்போடச் சொல்லுங்கள்.

முதல் வாரம் அவர்களிடமிருந்து தினமும் ஒரு செய்தி, அப்புறம் வாரம் ஒன்று, மூன்று மாதம் வரை. நீங்களாகப் போன் பண்ணிக் குடையாதீர்கள். "இன்னைக்கு வெளிய வந்துச்சா?" என்று தினம் கேட்டால், அவர்களும் அவசரப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் கை விடுவார்கள்.

வீடியோ கால் பண்ணவே பண்ணாதீர்கள். ஆறாவது வாரம் டீச்சர் ஆசையாகக் கூப்பிட்டார், மிளகு கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தது, நான் என்னை மறந்து "என்னடி" என்று கேட்டுவிட்டேன். எழுந்து வந்து போனின் பின்பக்கத்தை மோந்து பார்த்தது. அப்புறம் அரை மணி நேரம் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் தேடியது, அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இப்போதெல்லாம் டீச்சர் வீடியோ எடுத்து அனுப்புகிறார், நான் பார்த்துக்கொள்கிறேன்.